பலகைக்குக் கீழே

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களிடம் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ‘முடியாது’ என்ற பேச்சு வராது. தீவன வண்டி, முட்டை வண்டி, பால் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கேபின் என்று எங்கள் பரமத்தி ரோட்டுப் பட்டறையில் கைவைக்காதது குறைவு. 2013 கோடையில் ஈச்சர் வண்டியின் முதுகில் ஒரு படகு வந்து இறங்கியபோதும் அப்படித்தான். பையன்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். டிங்கர் வேலை பார்க்கும் பெரியவர் மட்டும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “இது அலுமினியமுங்க. நம்ம பட்டி இதுல நிக்காது” என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போய்விட்டார்.

படகுக்காரர் பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கும் தோட்டக்காரர். காவிரிக்கு நடுவே மேடிட்ட திட்டில் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம். அப்பா காலத்தில் பரிசலில் போய்வந்தார்கள். ஆட்கள் போக பரிசல் போதும். உர மூட்டையும் வாழைத்தாரும் ஏற்ற ஆரம்பித்ததும் அது தாங்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம், கப்பலில் இருந்து கழித்துப் போட்ட படகு ஒன்றை எடைக்கு வாங்கிவந்துவிட்டார். 16 அடி நீளம், 3 மில்லிமீட்டர் தகடு, வரிசை வரிசையாக ரிவெட். உள்ளே தரைக்குச் சமமாக பிளைவுட் பலகை அடித்து, அதன்மேல் தேங்காய்நார் விரிப்பையும் போட்டிருந்தார். உட்கார்ந்து போக நன்றாகத்தான் இருந்திருக்கும்.

2012-இல் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. ஆறு ஓடையாக ஒடுங்கி, படகு மாதக்கணக்கில் மணலில் கிடந்தது. மறுபடி தண்ணீர் பார்த்து இறக்கினால் அடியில் பத்திருபது இடத்தில் ஊறுகிறது.

“எல்லாம் சாயத்தண்ணிங்க” என்றார் அவர், வந்த உடனேயே. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. சாயம் ஏற உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு தண்ணீரோடு வரும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஆற்றங்கரைக்காரர்களுக்கு அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு, அதில் இரண்டு பேச்சில்லை. இந்தப் படகில் மட்டும் அந்தக் கணக்கு உதைத்தது.

அதைக் கண்டுபிடித்தவர் என் தாய்மாமா. மேட்டூரில் மால்கோ என்று எல்லோரும் சொல்கிற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியில் உருக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் இத்தாலிக்காரர்களின் ஒத்துழைப்போடு வந்த ஆலை அது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்ஸைட் கீழே இறங்கி அங்கே போகும். நாலு டன் பாக்ஸைட்டில் இருந்து ஏறத்தாழ இரண்டு டன் அலுமினா, அதில் இருந்து ஒரு டன் உலோகம்; அந்தக் கடைசிப் படிக்கு 950 டிகிரிக்கு மேல் கொதிக்கிற தொட்டியும், கிலோவுக்குப் பதினாலு பதினைந்து யூனிட் மின்சாரமும் வேண்டும். 2008-இல் உருக்குவது நின்றுபோனது. மாமா நாமக்கல்லில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்து, பேப்பர் படித்து, அதில் வருகிற எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டு பொழுதைக் கழித்தார். படகு என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வந்தவர் படகைக் குப்புறப் போடவே விடவில்லை. நாலு பழைய டயரின்மேல் நிமிர்த்தி வைக்கச் சொல்லி, பலகையைக் கழற்றாமலே உள்ளே தண்ணீரை விடச் சொன்னார். அடியில் படுத்து, சொட்டுகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டேன். அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு மாமாவும் குனிந்தார். வெளிப்பக்கத் தகட்டைக் கையால் தடவிக்கொண்டே போனார். சிராய்ப்பு இருந்தது, பாறையில் இடித்த நெளிவு இருந்தது. வட்டத்துக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். சுற்றிலும் தகடு வழவழப்பு.

“சாயத்தண்ணி திங்கிறதா இருந்தா வெளியில இருந்துதான தின்னோணும், மாப்ளே?”

பலகையைக் கழற்றினோம். நார் விரிப்பு அழுகி ஈரம் சொதசொதத்தது. பிளைவுட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. அதற்குள் வாழைச் சருகு, செம்மண் கலரில் உருண்டை உருண்டையாக ஏதோ உரம், அங்கங்கே நீலப்பச்சைக் கறை. மஞ்சள் ஐந்து ரூபாய்க் காசு ஒன்று தகட்டோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆற்றைக் கடக்கும்போது காவிரிக்குப் போட்டது உள்ளேயே விழுந்திருக்கும். அதை நெம்பி எடுத்தால் காசின் வட்டம் அப்படியே தகட்டில் குழியாக இருக்கிறது. சேற்றை வழித்துத் தண்ணீர் அடித்ததும் தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். ஜவ்வரிசிக் கஞ்சிப் பதத்தில் இருந்த அந்த வெள்ளையைக் குச்சியால் நீக்கினால் அடியில் கறுப்பாக ஒரு வாய். கோணி ஊசியை விட்டு ஆழம் பார்த்தோம். சில இடத்தில் ஊசி பாதி மில்லிமீட்டரில் நின்றது. சில இடத்தில் நிற்கவே இல்லை, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பொதுவில் சொல்கிறோம். இரும்பைவிட வேகமாகக் காற்றோடு சேருகிற உலோகம் அது. சேர்ந்த மாத்திரத்தில் மேலே ஒரு ஆக்ஸைடு தோல் கட்டிவிடுகிறது; தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் இறுக்கமான தோல். கீறினால் அந்த நொடியே மறுபடி கட்டும், அதற்குக் காற்றோ ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரோ பட்டால் போதும். புளிப்பும் காரமும் அதிகம் இல்லாத தண்ணீரில் அந்தத் தோல் பல வருஷம் தாங்கும். குளோரைடு அதைத் துளைக்கும். ஈரச் சேற்றுக்கு அடியில், காற்றுப் போகாத இடத்தில், துளைத்த இடம் திரும்பத் தோல் கட்டாது. உள்ளே கரைகிற உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும், அமிலம் இன்னும் கரைக்கும். சொத்தைப்பல் மாதிரிதான், வாய் சின்னது, உள்ளே குடைந்திருக்கும், வலி தெரியும்போது வேர்வரை போயிருக்கும்.

குழிகள் படகு முழுக்க ஒரே மாதிரி இல்லை. நடுவில் ஒரு கூட்டம், பின்மூலையில் அதைவிட மோசமாக ஒரு கூட்டம். மற்ற இடங்களில் போல்ட்டைச் சுற்றி மட்டும். மாமா தோட்டக்காரரிடம் நடுவில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டார்.

“பொட்டாஷ் மூட்டைங்க. வாழைக்கு அது இல்லாம தார் எடை புடிக்காதுங்களே.”

“மூலையில?”

“மருந்து ட்ரம்முங்க. கொடிக்காலுக்கு.”

கொடிக்காலுக்கு மருந்து என்றால் வாடல் நோய்க்கு ஊற்றுகிற போர்டோ கலவை: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. பிரான்ஸில் திராட்சைத் தோட்டத்துக்காக மில்லார்டே 1885-இல் எழுதிவைத்த கலவை, பரமத்தி வேலூர் வெற்றிலைக்கு இன்றைக்கும் அதுதான். மயில்துத்தத்தை முந்தின ராத்திரியே பிளாஸ்டிக் ட்ரம்மில் ஊறவைத்து, கரைசலாகவே படகில் ஏற்றிப் போவார். படகு ஆடுகிற ஆட்டத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளும்பும். தளும்பியது பலகை இடுக்கில் இறங்கும்.

“கலவை பதம் எப்படிப் பாப்பீங்க?” என்று மாமா கேட்டார்.

“அருவாளை முக்கிப் பாப்பமுங்க. செவப்பு ஏறுனா சுண்ணாம்பு பத்தலைன்னு இன்னுங் கொஞ்சம் ஊத்தறது.”

“அந்தச் செவப்பு என்னன்னு நெனைக்கிறீங்க?”

அவர் துருவோ என்னமோ என்றார். மாமா பேசவில்லை. கொஞ்சம் மயில்துத்தம் வாங்கிவரச் சொல்லி, இரண்டு கண்ணாடி டம்ளரில் கரைத்தார். எங்களிடம் வெட்டி விழுந்த அலுமினியத் துண்டு இரண்டை உப்புத்தாளில் தேய்த்து டம்ளருக்கு ஒன்றாகப் போட்டார். இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. நீலத் தண்ணீரில் தகடு சும்மா கிடந்தது. பையன் ஒருவன் சிரித்தே விட்டான். அப்புறம் படகில் இருந்து பொறுக்கி எடுத்த பொட்டாஷ் நாலு சிட்டிகையை ஒரு டம்ளரில் மட்டும் போட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் தகட்டின் ஓரத்தில் நுரை கிளம்பியது. செங்கல் தூள் கலரில் பஞ்சு பஞ்சாக ஏதோ தகட்டின்மேல் வளர ஆரம்பித்தது. டம்ளர் தொட்டால் சுட்டது. பக்கத்து டம்ளரில் அப்போதும் ஒன்றும் இல்லை.

வளர்ந்தது செம்பு. பொட்டாஷ் என்று நாம் போடுவது பொட்டாசியம் குளோரைடு, எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடுதான். அது தோலைக் கிழித்து வழிவிடுகிறது. மயில்துத்தத்தில் கரைந்திருக்கும் செம்பு அந்த வழியாக உலோகத்தைத் தொட்டு, அலுமினியத்தைக் கரைத்துவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்த செம்பு சும்மா இருந்தாலும் பரவாயில்லை. ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் தேய்வது எப்போதும் அலுமினியத்தின் பக்கம்தான். காசுக்கு அடியில் விழுந்த குழியும், இரும்பு போல்ட்டைச் சுற்றி விழுந்த வெள்ளைப் பொடியும் இதே சங்கதியின் சின்ன அளவுகள். லாரியில் அலுமினிய செக்கர் ஷீட்டை இரும்பு போல்ட்டில் முடுக்குகிற ஒவ்வொரு பட்டறைக்காரனும் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்திருக்கிறான். தட்டிவிட்டு பெயின்ட் அடித்து அனுப்புவோம்.

தோட்டக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரிவாளில் ஏறுகிற சிவப்பை அவர் விவரம் தெரிந்த நாள் முதல் பார்த்தவர். “அப்ப சாயத்தண்ணி இல்லீங்களா?” என்று மட்டும் கேட்டார். சாயப்பட்டறைக்காரனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சேலம், நாமக்கல் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் தூக்கல். எங்கள் வீட்டு அலுமினிய இட்லிக் குண்டானின் அடி கறுத்து, பிறகு புள்ளி விழுந்து, ஒரு நாள் அடுப்பை அணைத்துவிடும். அம்மா இட்லி ஊற்றும்போதெல்லாம் அடித்தண்ணீரில் ஒரு கொட்டைப் புளியைப் போடுவார், கறுக்காது என்று. கொதிக்கக் கொதிக்க அந்தத் தண்ணீரில் ஏறுகிற காரத்தைப் புளி முறிக்கிறது என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

வேலையைத் தொடங்கினோம். முதலில் சண்டை வந்தது சுத்தம் செய்வதில். பையன் ஒருவன் கிரீஸ் எடுக்கிற காஸ்டிக் சோடாவை வாளியில் கரைத்துக்கொண்டு வந்தான். மாமா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “டேய், பாக்ஸைட்டையே அதுலதான்டா நாங்க கரைச்சோம்!” இரும்பு கம்பி பிரஷ்ஷுக்கும் தடை. அதில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்கு தகட்டில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதுக் குழிக்கு விதையாகும். புதிதாக எவர்சில்வர் கம்பி பிரஷ் வாங்கி, இதற்கு மட்டும் என்று ஒதுக்கினோம். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, தண்ணீர் கலந்த பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி, மறுபடி கழுவி, இரண்டு நாள் சித்திரை வெயிலில் காயவிட்டோம். அப்படியும் குழிக்குள் ஈரம் இருக்கும் என்று ஹீட் கன் பிடிக்கச் சொன்னார். பிடித்தால் சில குழிகளில் இருந்து உண்மையாகவே ஆவி வந்தது.

பிறகு குழிகளைப் பிரித்தோம். ஊசி 1 மில்லிமீட்டருக்குள் நின்றது பச்சைச் சாக்பீஸ், அதற்கு மேல் போனது சிவப்பு. சிவப்பை வெல்டிங்கில் அடைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். மாமா தலையை ஆட்டினார். குழியைச் சுற்றி உள்ளே குடைந்து காகிதமாக நிற்கிற தகட்டில் தீப்பொறி பட்டால் ஊசித்துளை உள்ளங்கை அகலமாகும். நல்ல தகடு தட்டுப்படுகிற வரைக்கும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுத் துண்டு வைக்கவேண்டும்.

துண்டு வைக்க ஆர்கான் வெல்டிங். எங்களிடம் இருந்த மெஷின் பால் டேங்கரின் எவர்சில்வருக்கானது, டிசி. அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். காரணம் மறுபடி அந்தத் தோல்தான்: அடியில் உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும், மேலே ஆக்ஸைடு 2000 டிகிரி தாண்டினாலும் அசையாது. உள்ளே உருகி, மேலே உருகாமல், ஒட்டவே ஒட்டாது. ஏசியில் மின்னோட்டம் எதிர்த்திசைக்குத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தோலைப் பெயர்த்துவிடும். சேலத்தில் அந்த மெஷின் வைத்திருந்த ஒருவரை அழைத்துவந்தோம். ஓரம் ஓரமாக அசிட்டோனில் துடைத்து, 5052 தகட்டில் வெட்டிய துண்டுகளை 5356 கம்பி விட்டு அவர் ஒட்டிய அழகை இன்றைக்கும் சொல்லுவேன். பற்றவைத்த தடம் காசு அடுக்கிச் சாய்த்தாற்போல் விழுந்திருந்தது. ஒரு ஓட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவர் ஆற விட்ட நேரத்தில் எங்கள் பையன் ஒரு வண்டிக்கே கதவு மாட்டிவிட்டான், அது வேறு விஷயம்.

பச்சைக் குழிகளுக்கு டிங்கர் பெரியவர் சொன்னதே சரி. லாரிக்குப் போடுகிற பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அலுமினியத்தில் கொஞ்ச நாளில் பொருக்காகப் பெயர்ந்துவிடும். இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸிதான். அதிலும் ஒரு வித்தை உண்டு. தகட்டைத் தேய்த்துவிட்டு எபாக்ஸி கலக்கப் போனால், கலந்து வருவதற்குள் தோல் திரும்பக் கட்டிவிடும், பிடிப்பு குறையும். அதனால் முதலில் எபாக்ஸியை மெல்லிசாகத் தடவி, அந்த ஈரத்துக்குள்ளேயே உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கவேண்டும். காற்றுப் படாமலே புது உலோகம் வெளியே வந்து எபாக்ஸியைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கெட்டி எபாக்ஸி வைத்து நிரப்பினோம். பெரியவர்தான் அதைச் செய்தார். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் கலரில் குழம்பியதைப் பார்த்து, “சந்தனம் அரைக்கிற வேலை கொடுத்துட்டாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே.

பெயின்டில் மாமாவும் நானும் ஒத்துப்போகவில்லை. படகு முழுக்க அடித்துப் பளபளப்பாக்கி அனுப்பவேண்டும் என்பது பட்டறைக்காரன் ஆசை. அவர் பலகைக்கு அடியில் வருகிற பகுதிக்கு மட்டும் எட்ச் பிரைமரும் எபாக்ஸி பெயின்டும் போதும் என்றார். காற்றுப் படுகிற மற்ற இடமெல்லாம் வெறும் தகடாகவே இருக்கட்டும், அதன் தோல் அதைப் பார்த்துக்கொள்ளும். கீறல் விழுந்த பெயின்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் அதுவும் ஒரு சேறுதான். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: பாசி பிடிக்காமல் இருக்கக் கப்பலடிக்கு அடிக்கிற பெயின்டை யாராவது சலுகையில் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அதில் பெரும்பாலும் செம்பு இருக்கும்.

இரும்பு போல்ட்டெல்லாம் போய் எவர்சில்வர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் நைலான் வாஷர், துளைக்குள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. உலோகம் உலோகத்தைத் தொடவே கூடாது. தண்ணீர் வடிக்கிற அடைப்பான் பித்தளையில் இருந்தது, அதை நைலானாக மாற்றினோம். பிளைவுட் போடவில்லை. இடைவெளி விட்ட சட்டங்கள், நாலு திருகைக் கழற்றினால் மொத்தமாகத் தூக்கி வைத்துக் கழுவலாம். பொட்டாஷும் மயில்துத்தமும் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டிக்குள்தான் ஏறவேண்டும் என்று தோட்டக்காரரிடம் மாமா சொன்னார். தோட்டக்காரரின் மனைவி அன்றைக்கு வந்திருந்தார். “நான் அப்பவே ட்ரம்முக்கு மூடி போடச் சொன்னனுங்க” என்று அவர் ஆரம்பித்ததும் தோட்டக்காரர் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று கடைசியாகத்தான் பேச்சு வந்தது. அலுமினியத்தைவிடச் சுலபமாகக் கரைகிற உலோகம் ஒன்றைப் படகின் அடியில் பூட்டிவிட்டால், அரிப்பு முதலில் அதைத் தின்னும். கடலில் துத்தநாகக் கட்டி பூட்டுவார்கள். ஆற்றுத் தண்ணீரில் துத்தநாகம் மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். நல்ல தண்ணீருக்கு மக்னீசியம்தான். அதே மக்னீசியத்தைக் கடலில் போட்டால் வேகம் மிஞ்சி, படகைச் சுற்றிக் காரம் ஏறி, பெயின்டைக் கிளப்பிவிடும். இன்னொன்றையும் மாமா திரும்பத் திரும்பச் சொன்னார்: வெளியில் பூட்டுகிற கட்டி, அது முழுகியிருக்கிற அந்தத் தண்ணீர் தொடுகிற இடத்தைத்தான் காக்கும். உள்ளே பலகைக்குக் கீழே தேங்குகிற தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே துடைப்பம்தான்.

நாமக்கல்லில் மக்னீசியக் கட்டிக்கு எங்கே போவது? தூத்துக்குடியில் விசாரித்தால் துத்தநாகம்தான் இருக்கிறது என்றார்கள். மாமாவுக்குத்தான் தோன்றியது: வெந்நீர் கீசரின் டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே தொங்குகிற கம்பி மக்னீசியம். நம் போர் தண்ணீர் புண்ணியத்தில் அது அடிக்கடி கரைந்துபோகும், ஸ்பேர் கடையில் எப்போதும் இருக்கும். சேலத்துக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன்.

“எத்தனை லிட்டர் கீசருங்க?”

“படகுக்குங்க. 16 அடி.”

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பின்னால் திரும்பி, “25 லிட்டர் ராடு ரெண்டு எடுத்துக் கொடு, வாரண்டி கிடையாதுன்னு பில்லுல எழுதிரு” என்றார்.